ஒஸ்லோவில் வாழைக்கறை

எங்கள் வீட்டு முன்வளவில் வாழை எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், என் கணவர் இலைக்காக என்பார். தமிழ்க் கடைக்கு விமானத்தில் வந்து இறங்கும் இலை வாங்கும்போதே ஓரம் கறுத்துச் சுருண்டிருக்கிறது, அதனால் சொந்தமாக ஒன்று வைத்தோம் என்று மிகவும் பொறுப்பான மனிதரைப் போல விளக்குவார். அவர் பஸ் ஓட்டுபவர். எந்தக் கதையையும் தரிப்பிடம் தரிப்பிடமாக நிறுத்தித்தான் சொல்வார். உண்மை அதுவல்ல. அந்த வாழை நிலத்தில் இறங்கியதற்கு ஒரே காரணம், அது முடியாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதுதான்.

நாங்கள் இருப்பது ஒஸ்லோவின் கிழக்குப் பக்கம், தே-பான என்கிற நகர ரயில் மேடேறி முடிகிற இடத்துக்குக் கிட்ட. ஒரே வரிசையில் சுவரோடு சுவர் ஒட்டிய ஆறு வீடுகளில் ஐந்தாவது எங்களுடையது. ஆறாவது வீட்டில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் தனியாக இருக்கிறார். எழுபது கடந்தவர், ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். காலையில் வெளியே வந்து சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பார்ப்பார், கொப்பியில் குறிப்பார், பிறகு இன்னொரு முறை பார்ப்பார், குறித்தது சரிதானா என்று. அவருக்கும் எங்களுக்கும் நடுவில் இடுப்பளவு வேலி. அவர் பேசியது எல்லாம் நோர்வே மொழியில்தான். ஆனால் இத்தனை வருடமாக அவர் குரல் என் காதில் எங்கள் தமிழிலேயே விழுந்து பழகிவிட்டதால் அப்படியே எழுதுகிறேன்.

அந்த வசந்தத்தில் ஒரு பூங்கன்றுக் கடையில் "குளிர் தாங்கும் வாழை" என்று சீட்டுக் குத்திய ஒரு கன்றைக் கண்டோம். யப்பான் பக்கத்து இனம், காய் வந்தாலும் சாப்பிட முடியாது என்று சீட்டிலேயே எழுதியிருந்தது. வரவேற்பறை யன்னலோரம் வைப்பதாகத்தான் வாங்கினோம். காரிலிருந்து இருவருமாக இறக்கும்போது அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"உது என்ன?"

"வாழை."

"வீட்டுக்குள்ளை வைக்கத்தானே?"

ஓம் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவர் தொடர்ந்தார். "அப்பிடியெண்டால் சரி. வெளியிலை வைச்சால் முதல் குளிரோடை போயிடும். இது என்ரை அபிப்பிராயமில்லை, கணக்கு."

"வெளியிலைதான் வைக்கப்போறம்," என்றேன்.

சட்டியின் மறுபக்கத்தைப் பிடித்திருந்த என் கணவர் என்னைப் பார்த்தார். முப்பது வருடமாக அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். அதற்குப் பொருள், கிடங்கு வெட்டப்போவது நான்தானே என்பது.

தெற்குச் சுவரோடு, வெயில் பட்டுத் திரும்பும் இடத்தில் நட்டோம். என் கணவர் கோழி எருக் குளிசைகளை வாங்கி வந்து அள்ளிப் போட்டார். மூன்று நாட்களுக்கு அந்த வரிசையில் ஒருவரும் யன்னல் திறக்கவில்லை. பிறகு அது வளரத் தொடங்கியது. நோர்வேயின் கோடையில் வெளிச்சம் போவதே இல்லை என்பதை அந்த வாழை எங்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டது. வாரத்துக்கு ஓர் இலை விரித்தது. ஆவணி வந்தபோது என் கணவரின் உயரத்தைத் தாண்டிவிட்டது. தினமும் வேலைக்குப் போகுமுன் அவர் அதன் பக்கத்தில் நின்று பார்ப்பார். உயரத்தில் தோற்றதற்கு அவ்வளவு சந்தோசப்பட்ட மனிதரை நான் கண்டதில்லை.

முதல் இலையை வெட்டிச் சோறு போட்ட நாள் மட்டும் கொஞ்சம் மானம் போனது. இலை மெல்லியது. பருப்பு விட்டதுமே நரம்போடு கிழிந்து, கத்தரிக்காய்க் குழம்பு நேரே மேசைவிரிப்புக்கு வழி தேடிக்கொண்டது. எங்கள் கீழறையில் குடியிருக்கும் பெண்ணையும் அன்று சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். அவள் திருச்சிக்காரி, பல்கலைக்கழகத்தில் பற்றரி ஆராய்ச்சி செய்கிறாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என்னை அன்ரி என்பார்கள், அவள் வாயில் நான் ஆன்ட்டி. இலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது வாழ மாதிரி இருக்கு, ஆனா வாழ இல்ல. வாழைக்கு ஒண்ணுவிட்ட தம்பி."

"தம்பியெண்டாலும் இலை தருதுதானே," என்று என் கணவர் கோபித்துக்கொண்டு, இலைக்குக் கீழே ஒரு தட்டை வைத்து வீம்புக்கு முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.

முதல் உறைபனி விழுந்த காலையில் இலைகள் எல்லாம் கறுத்துத் தொங்கின. பக்கத்து வீட்டுக்காரர் கொப்பியோடு வந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் நின்றதுதான் தாங்க முடியவில்லை. அன்றே இலைகளை வெட்டிவிட்டு, தண்டைச் சுற்றிக் கோழிக்கூட்டு வலை அடித்து, உள்ளே காய்ந்த சருகை இறுக்கி நிரப்பி, வெளியே பழைய படுக்கை மெத்தை ஒன்றைச் சுற்றி, மழை இறங்காமல் தலையில் ஒரு பிளாஸ்ரிக் வாளியைக் கவிழ்த்தோம். முடிந்த பிறகு தள்ளி நின்று பார்த்தால், கட்டையான தடித்த மனிதர் ஒருவர் எங்கள் சுவரோடு ஒதுங்கி நிற்பது போல இருந்தது.

அது எனக்கு மட்டும் தோன்றவில்லை. தை மாதம் ஒரு நாள், வேலை முடிந்து வருகிறேன். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். நாலு மணிக்கே இருட்டத் தொடங்கும் காலம். படியேறும்போது சுவரோரம் சிவப்புச் சால்வையும் கம்பளித் தொப்பியும் போட்ட ஒருவர், இரண்டு பக்கமும் பனிச்சறுக்குத் தடிகளை ஊன்றிக்கொண்டு நின்றார். "ஹாய்," என்றேன். பதில் இல்லை. இரண்டாம் முறையும் சொன்னேன். வயதானவர், காது கேட்கவில்லையாக்கும் என்று நினைத்துக் கிட்டப் போய், வேலையிடத்தில் பேசுவது போல உரத்து, "சுகமா இருக்கிறீங்களா?" என்று கேட்ட பிறகுதான் அது என் வாழை என்று தெரிந்தது. வேலிக்கு அப்பால் குசினி யன்னலில் பக்கத்து வீட்டுக்காரர் தேநீர்க் கோப்பையோடு நின்றார். முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

மறுநாள் கேட்டபோது, "குளிருது எண்டு அவர்தான் என்னட்டைத் தொப்பி கேட்டவர்," என்றார்.

சித்திரை முடிவில் கட்டை அவிழ்த்தோம். நாற்றம் தாங்க முடியவில்லை. மேல்பாதி அழுகிக் கூழாகக் கிடந்தது. என் கணவர் வெள்ளரிக்காய் வெட்டுவது போல மேலிருந்து வட்டம் வட்டமாக வெட்டிக்கொண்டே இறங்கினார். முழங்கால் உயரத்துக்கு வந்தபோது வெள்ளையாக, இறுக்கமாக, நீர் சொட்டும் குருத்து தெரிந்தது. அடுத்த நாள் காலை அது ஒரு விரலளவு மேலே வந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அடிமட்டம் கொண்டுவந்து அளந்தார். மூன்று தரம்.

"உயிரோடைதான் இருக்கு," என்று ஒத்துக்கொண்டார். "ஆனால் ஒரு தரம் நடந்தது நிரூபணம் இல்லை. காயும் வராது."

காயும் வராது என்ற அந்தக் கடைசிச் சொல்லை அவர் தவிர்த்திருக்கலாம். தொப்பிக் கணக்கும் தீராமல் இருந்தது.

அந்த ஆவணியில் தமிழ்க் கடையிலிருந்து நல்ல பச்சை வாழைக்காயாக இரண்டு சீப்பு வாங்கி வந்தேன். அவர் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் காட்டுக்குள் நடக்கப் போவார். அவர் போனதும் நானும் திருச்சிப் பெண்ணும் நாற்காலி போட்டு ஏறினோம். என் கணவர் கீழே நின்று முதலில் பாவ புண்ணியம் பேசினார். பிறகு அவராலேயே பொறுக்க முடியவில்லை.

"தலைகீழாக் கட்டுறீர். காய் மேலை பாத்துத்தான் நிக்கும்."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். இவையள் படத்திலை எல்லாம் கீழை பாத்துத்தானே தொங்குது?"

"எண்டாலும் முறை எண்டு ஒண்டு இருக்கு."

"அங்கிள் சொல்றது சரி ஆன்ட்டி," என்றாள் அவள், வாயில் நூலைக் கடித்துக்கொண்டு. "பொய்யா இருந்தாலும் கரெக்டா இருக்கணும்."

எனவே காய்களை முறைப்படி மேலே பார்க்க வைத்து, பச்சை நூலால் கட்டி, நூலை இலைக் காம்புகளுக்குள் மறைத்தோம். உண்மையில் அழகாகத்தான் இருந்தது. ஒரு கணம் எனக்கே நம்பிக்கை வந்தது.

அவர் திரும்பி வந்தார். வேலியருகே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். அப்படியே திரும்பி நடந்தார். சற்று நேரத்தில் முதலாம் வீட்டிலிருந்து நாலாம் வீடு வரைக்கும் எல்லோரும் வந்துவிட்டார்கள், அவர்தான் போய்க் கதவு தட்டியிருக்கிறார். படம் எடுத்தார்கள். ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக் காட்டினார். என் கணவர், பொய் சொல்லத் தெரியாத மனிதர், "நல்ல எரு போட்டனாங்கள்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய் இல்லைதானே. நான் பணிவாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

எல்லோரும் போன பிறகு பக்கத்து வீட்டுக்காரர் கிட்ட வந்தார். ஒரு காயின் பின்பக்கத்தில் விரலை வைத்து எதையோ மெதுவாக உரித்தார். கடைக்காரர் ஒட்டியிருந்த சின்ன நீலச் சீட்டு. அதை என் உள்ளங்கையில் ஒட்டிவிட்டு, "சுவாரசியமான இனம்," என்று சொல்லிப் போய்விட்டார்.

அவர் அதோடு விட்டுவிடுவார் என்று நாங்கள் நினைத்தது பிழை. அடுத்த ஞாயிறு காலை நான் யன்னல் திரையை விலக்கினால், அவர் வீட்டு முன்னால் நிற்கும் ஊசியிலை மரத்தில் மூன்று தேங்காய்கள் தொங்கின. குடுமியோடு, வரிசையாக. அவர் கீழே நின்று பூவாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இந்த வருசம் நல்ல காய்ப்பு," என்றார். "எரு ஒண்டும் போடேல்லை."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. அதன் பிறகு எங்களுக்குள் ஒரு விதமான நட்பு வந்துவிட்டது. இரு பக்கமும் ஒருவரை ஒருவர் எந்த விசயத்திலும் நம்பாத நட்பு. நான் கேக் கொண்டுபோய்க் கொடுத்தால் கத்தியால் கிண்டி உள்ளே பார்ப்பார். அவர் கொண்டுவந்த அப்பிள்களை என் கணவர் கழுவுவதற்கு முன் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்ப்பார்.

வாழை எங்கள் விளையாட்டுகளைப் பற்றிக் கவலைப்படாமல் வளர்ந்தது. அடுத்த இரண்டு குளிர்காலமும் என் கணவர் கட்டுவதில் தேர்ந்துவிட்டார். தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்கச் சுற்றும் சூட்டு வயரை வாங்கித் தண்டோடு சுற்றினார். மெத்தையை மாற்றினார். வெப்பமானி ஒன்றை உள்ளே விட்டு, காலையில் பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடையதைப் பார்க்கும்போது இவர் இதைப் பார்த்தார். இருவரும் வேலிக்கு இருபுறமும் நின்று எண்களைச் சொல்லிக்கொள்வார்கள், வேறு பேச்சே இருக்காது. தண்டு இப்போது அழுகவில்லை. வசந்தத்தில் அவிழ்த்தால் ஆளுயரத்துக்கு அப்படியே பச்சையாக நின்றது.

நாலாவது கோடையில் அது நடந்தது. ஆவணி நடுப்பகுதி, சனிக்கிழமை. காலையில் உடுப்புக் காயப்போட வெளியே வந்த நான் தற்செயலாக அண்ணாந்து பார்த்தேன். சில நாட்களாகவே கடைசியாக வந்த இலை குட்டையாக, ஒடுங்கி, வேறு மாதிரி நின்றது. வாட்டம் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பக்கத்திலிருந்து ஒரு காம்பு வளைந்து இறங்கியிருந்தது. அதன் நுனியில் பொத்தி. எங்களுக்குப் பழகிய கத்தரிப்பூ நிறம் இல்லை, மஞ்சளும் மண்ணிறமும் கலந்த நிறம். ஆனால் பொத்திதான். முதல் மடல் சற்றே தூக்கி, உள்ளே பூக்கள் வரிசையாகத் தெரிந்தன.

"இஞ்சாருங்கோ!" என்று நான் போட்ட கூச்சலில் என் கணவர் சவர்க்கார நுரை முகத்தோடு ஓடிவந்தார். பார்த்தார். நான் கட்டியதோ என்று ஒரு தரம் என்னைப் பார்த்தார். என் முகத்திலிருந்து தெரிந்துகொண்டார். பிறகு கையை நீட்டிப் பொத்தியின் அடியை, குழந்தையின் கன்னத்தைத் தொடுவது போல ஒற்றை விரலால் தொட்டார். மூன்று குளிர்காலம் சருகு சுமந்த மனிதர். நான் பகிடி ஒன்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன்.

கீழறைப் பெண் வந்து பார்த்து, "ஐயோ, வாழப்பூ!" என்று குதித்தாள்.

"பொத்தி," என்று என் கணவர் திருத்தினார்.

"பூ, அங்கிள்."

"பூ உள்ளுக்கை இருக்கு. இது பொத்தி."

இப்படி அவர்கள் வழக்காடிக்கொண்டிருக்கும்போதே நான் வேலிக்கு ஓடிப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வெளியே வந்தபோது தந்த நிற மேற்சட்டை போட்டிருந்தார். ஓய்வு பெற்ற ஆண்கள் சேர்ந்து பாடும் ஒரு குழுவில் அவர் இருக்கிறார், அன்று பிற்பகல் தேவாலய மண்டபத்தில் அவர்களின் கச்சேரி. அந்தக் குழுவின் சீருடை அது. எங்களையும் வரச் சொல்லியிருந்தார். ஒத்திகைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"வாழை பூத்திருக்கு," என்றேன்.

"சந்தோசம்."

"உண்மையாத்தான். வந்து பாருங்கோ."

வேலிக்கு மேலால் பார்த்தார். தலையை ஆட்டினார். "இந்த முறை நல்லாச் செய்திருக்கிறியள். நிறம் மட்டும் பிழை. நான் புத்தகத்திலை பாத்தனான், ஊதாவா இருக்க வேணும்."

"இந்த இனம் இப்பிடித்தான்!"

"ஓமோம். போன முறையும் சுவாரசியமான இனம்தான்."

என் கணவர் நோர்வே மொழியில் ஏதோ விளக்க முயன்றார். நுரை காய்ந்த முகத்தோடு யார் எதைச் சொன்னாலும் எடுபடாது. பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே போய் ஓர் ஏணிப்படியும் செடி வெட்டும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு எங்கள் வளவுக்கு வந்தார். நூலைக் கண்டுபிடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கண்டுபிடிக்க முடியாமல் முழிப்பாரே, அதைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது. அதனால்தான் நான் தடுக்கவில்லை. இதை இன்று வரைக்கும் என் கணவரிடம் சொல்லவில்லை.

மூன்று படி ஏறினார். பொத்தியைப் பிடித்து ஓர் இழுவை. வரவில்லை. இன்னொன்று.

"இறுக்கிக் கட்டியிருக்கிறியள்," என்றார் மெச்சும் குரலில். அடுத்த கணம் கத்தரிக்கோல் 'சறக்' என்றது.

பொத்தி அவர் இடது கையில் இருந்தது. வெட்டிய காம்பிலிருந்து நீர் சொட்டியது, மேலிருந்தும் கீழிருந்தும். அவர் வெட்டுவாயைப் பார்த்தார். விரலால் தொட்டார். கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். நாற்பது வருடம் மற்றவர்களின் பிழைகளைத் திருத்திய முகத்தில் தன் பிழையைக் கண்டுபிடித்த வெளிறல்.

"இது உண்மை," என்றார்.

என் கணவர் உள்ளே போய்விட்டார். கதவைக்கூடச் சாத்தவில்லை. நான் பின்னால் போய்ப் பார்த்தபோது மாடிப்படியில் உட்கார்ந்து, துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சவர்க்காரம் காய்ந்து வெகு நேரமாகியிருந்தது.

"பகிடிக்குச் செய்ததுதானே," என்றேன்.

"ஆர் தொடங்கின பகிடி?" என்றார்.

நான் திரும்பி வெளியே வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் ஏணியடியில் நின்றார். மன்னிப்பு, மன்னிப்பு என்று நோர்வே மொழியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் கேட்டார். அவர் மேற்சட்டையின் முன்பக்கம், இடது நெஞ்சிலிருந்து வயிறு வரைக்கும், தண்ணீர் தெறித்தது போல ஈரம்.

"தண்ணிதான், காஞ்சிடும்," என்று அவர் தட்டிவிட்டுக்கொண்டார்.

நானும் திருச்சிப் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வாழை மரத்துக்குக் கிட்டப் போயிருக்கிற எந்தத் தமிழருக்கும் அந்தத் தண்ணீர் காய்ந்தால் என்ன ஆகும் என்று தெரியும். சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். ஆனால் என் கணவர் படியில் உட்கார்ந்திருந்த காட்சி கண்ணுக்குள் நின்றது. "ஓம், காஞ்சிடும்," என்றேன். அவர் பொத்தியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார்.

கச்சேரிக்கு என் கணவர் வர மாட்டார் என்று நினைத்தேன். சவரம் செய்து, சட்டை மாற்றி வந்துவிட்டார். "வாறம் எண்டு சொன்னால் போக வேணும்," என்றார். மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் மூவருமாக உட்கார்ந்தோம். இருபது முதியவர்கள் தந்த நிறச் சட்டையில் வந்து நின்றார்கள். எங்கள் ஆள் முன்வரிசையில், நடுவில்.

முதல் பாட்டில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது பாட்டில் சட்டையில் ஒரு நிழல் விழுந்தது போல இருந்தது, விளக்கின் நிழலாக்கும் என்று யாரும் நினைத்திருக்கலாம். மூன்றாவது பாட்டு மீன்பிடிக்கப் போனவர்களைப் பற்றியது, நீளமானது. அது முடிவதற்குள் இடது நெஞ்சில் தேயிலைச் சாயம் போல ஒரு தீவு எழும்பி, அதிலிருந்து ஒரு வரிசைச் சின்னத் தீவுகள் வயிறு வரைக்கும் இறங்கின. பக்கத்தில் நின்றவர் பாடிக்கொண்டே கடைக்கண்ணால் பார்த்தார். பாட்டை நடத்துபவரின் கை ஒரு கணம் காற்றில் தடுமாறியது. எங்கள் ஆள் மட்டும் ஒன்றும் அறியாமல், நெஞ்சை முன்தள்ளி, மிகவும் உருக்கமாகப் பாடிக்கொண்டிருந்தார்.

"கறை," என்றார் என் கணவர் மெல்ல.

"ஓம்."

"உமக்குத் தெரியும்."

"ஓம்."

அவர் திரும்பவும் அந்தச் சட்டையைப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. நான் பயந்து திரும்பினால், கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். அதைக் கண்டு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திருச்சிப் பெண் இருமுவது போல நடித்துக்கொண்டு வெளியே போனாள். எங்களுக்கு முன்னால் இருந்த ஓர் அம்மா திரும்பி, நாங்கள் பாட்டில் உருகி அழுவதாக நினைத்து, எனக்குக் கைலேஞ்சி தந்தார். அதை வாங்கியது இன்னும் பெரிய பாவம்.

கச்சேரி முடிந்ததும் நான் நேரே அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அது தண்ணீர் இல்லை, வாழைக்கயர், அந்தக் கறை போகாது, எனக்கு அப்போதே தெரியும் என்று. அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"தெரிஞ்சும் சொல்லேல்லை?"

"இல்லை."

"நான் உங்கடை பூவை வெட்டினனான்."

"ஓம்."

"என்ரை பிழைதான் பெரிசு," என்றார். அதை ஒரு கணக்கின் விடையைப் போல, சரிபார்த்துவிட்டுச் சொன்னார். "பூவை நான் பூச்சாடியிலை வைச்சிருக்கிறன். தண்ணியும் விட்டிருக்கு."

பொத்தியைப் பூச்சாடியில் வைத்திருக்கிறார் என்று கேட்டதும் திருச்சிப் பெண் தாங்க மாட்டாமல், "வாடறதுக்குள்ள சமைக்கணும் ஆன்ட்டி!" என்று என் கையைப் பிடித்தாள்.

மறுநாள் மத்தியானம் எங்கள் மேசையில் நான்கு பேரும் உட்கார்ந்தோம். அவர் பூச்சாடியோடேயே வந்தார். மடலை ஒவ்வொன்றாக விரித்துப் பூக்களை எடுத்தோம். பூவுக்குள் வேகாத நரம்பு ஒன்று இருக்கும், கள்ளன் என்போம், அதை இழுத்து எறிய வேண்டும். அந்த வேலையை அவரிடம் கொடுத்தோம். கள்ளன் என்றால் என்ன என்று விளக்கியதும் அவருக்கு வேலை மிகவும் பிடித்துவிட்டது. ஒரு பூவையும் தவறவிடாமல், பிடித்த கள்ளர்களைப் பத்துப் பத்தாக அடுக்கி வைத்தார். விரல் நுனி எல்லாம் கறுத்துப் போனது. என் கணவர் எழுந்து போய் நல்லெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து, அவர் கையில் தடவிவிட்டார். முந்தின நாள் காலையிலிருந்து அவர்கள் இருவரும் பேசியிருக்கவில்லை.

"முதலே பூச வேணும்," என்றார் என் கணவர்.

"அடுத்த முறை," என்றார் அவர். பிறகு, "அடுத்த முறை இருக்குமெண்டால்."

"பூத்த மரம் இனிப் பூக்காது. பட்டுப்போம். ஆனால் பக்கத்திலை நாலு குட்டி நிக்குது."

நான் மோரில் ஊறவைத்துப் பிழிந்து, வெங்காயமும் மிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டு வறையாக வறுத்தேன். சோற்றோடு பரிமாறினேன். ஒரு வாய் வைத்தேன். கசப்பு. சாதாரணக் கசப்பு இல்லை, நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு எழும்ப மறுக்கும் கசப்பு.

"நல்லாயிருக்கு," என்றார் என் கணவர். நாலு வருட உழைப்பு, வேறென்ன சொல்வார்.

"சூப்பரா இருக்கு ஆன்ட்டி," என்றாள் அவள், தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு.

"கொஞ்சம் வித்தியாசமான ருசி," என்றேன் நான்.

பக்கத்து வீட்டுக்காரர் மெதுவாக மென்றார். விழுங்கினார். இன்னொரு வாய் எடுத்து மென்று, சரிபார்த்தார்.

"இது சாப்பிடக்கூடிய சாமான் இல்லை," என்றார்.

மூவரும் அவர் முகத்தைப் பார்த்தோம். பிறகு என் கணவர் கரண்டியை வைத்தார். "உண்மைதான்," என்றார், பெரிய பாரம் இறங்கியவர் போல. நால்வரும் தட்டுகளைத் தள்ளி வைத்தோம். நான் முட்டை பொரித்தேன்.

மேற்சட்டை வெளுக்கவே இல்லை. என்னென்னவோ போட்டுப் பார்த்தோம், தீவுகள் இன்னும் தெளிவாகத்தான் தெரிந்தன. பாட்டை நடத்துபவர் அவரைப் பின்வரிசைக்கு மாற்றிவிட்டார். அங்கே குரல் நன்றாக எடுபடுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். பூத்த தண்டு அந்த இலையுதிர்காலத்தோடு விழுந்தது. குட்டிகளில் ஒன்றை என் கணவர் வேரோடு பெயர்த்து, வேலிக்கு அந்தப் பக்கம் தானே கிடங்கு வெட்டி நட்டுக் கொடுத்தார். அது வராது, அந்தச் சுவரில் வெயில் போதாது என்று நான் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் கொப்பியை எடுத்து, நான் சொன்ன நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டார்.